தோசை மாவு தொசை மாவான கதை

ஆணி ஜாஸ்தி. ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. இன்னிக்கும் எழுதற உத்தேசம் இல்லாமத்தான் இருந்தேன், ஆனா எங்க தெருமுனை மாவுக்கடை போர்டு என்னை விடல.

காட்டுப்பாக்கம் தெரியாதவங்களுக்கு ஒரு வரி. போரூர்லேர்ந்து பூந்தமல்லி போற ரோட்ல ஐயப்பன்தாங்கல் தாண்டினா, குமணன்சாவடிக்கு முன்னாடி வர்ற ஊர். ரோட்டுக்கு நடுவுல மெட்ரோ தூண், ரெண்டு பக்கமும் ஃபிளெக்ஸ், சன்போர்டு, ஸ்டிக்கர். கண்ணை எங்க திருப்பினாலும் யாரோ ஒருத்தர் டிசைன் பண்ணி எக்ஸ்போர்ட் பண்ண ஒரு படம் நம்மளப் பாக்கும். அதுல பாதி மங்கலா பாக்கும்.

மாவுக்கடை அக்கா சாயங்காலம் 5 மணிக்குக் கடை திறப்பாங்க. இட்லி மாவு, தோசை மாவு, அடை மாவு, கேழ்வரகு மாவு. 6 மணிலேர்ந்து 8 மணிக்குள்ளதான் வியாபாரமே. அந்த ரெண்டு மணி நேரத்துல எத்தனை பேர் காசு குடுத்துட்டுப் போறாங்கங்கறதுதான் அன்னிக்கு வருமானம். போன மாசம் கடன் வாங்கி புது போர்டு வெச்சாங்க. 6 அடிக்கு 3 அடி. மஞ்சள்ல செவப்பு எழுத்து. கீழ வலது மூலையில ஒரு அடிக்கு ஒரு அடி க்யூஆர் கோடு.

போர்டு வந்த அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குத் திரும்பும்போது பாத்தேன். 'தொசை மாவு'. 'கெழ்வரகு மாவு'. முதல்ல எழுத்துப்பிழைன்னுதான் நெனச்சு மனசுக்குள்ள சிரிச்சேன். கிட்டப் போய்ப் பாத்தா பிழை இல்ல. 'தோ'வோட கொம்புக்கு மேல சுழி இருக்க வேண்டிய இடத்துல ஒரு செவப்புக் குமிழ். சுழியோட ஓட்டை அடைஞ்சு போச்சு. பத்தடி தள்ளி நின்னா அது தொசைதான்.

அது கூடப் பரவால்ல. க்யூஆர் கோடு எடுக்கல.

"நாலு வாட்டி போனைத் தூக்கித் தூக்கிக் காட்டறாங்க தம்பி. எடுக்க மாட்டுது. சில்லறை இல்லக்கா, நாளைக்குத் தர்றேன்னு மாவை வெச்சுட்டுப் போயிடறாங்க. சில பேர் மாவை எடுத்துக்கிட்டு நாளைக்குத் தர்றேன்னு போறாங்க. எது மோசம்னு எனக்கே தெரியல. நீ கம்ப்யூட்டர் படிச்ச புள்ளதானே, இன்னான்னு பாரேன்."

நான் படிச்சது மெக்கானிக்கல். அதுவும் முதல் வருஷம் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ்ல அரியர் வெச்சவன். இப்ப போரூர் பக்கம் பொட்டி தட்டறேன். இதையெல்லாம் மாவு வாங்க வரிசை நிக்கும்போது விளக்க முடியுமா? சரிக்கான்னு சொல்லிட்டேன்.

மறுநாள் போர்டு போட்ட கடைக்குப் போனேன். பேர் வேண்டாம். டிசைன் பண்ணற பையன் நல்ல பையன். கோபமே படாம கோரல்டிராவைத் திறந்து ஃபைலைக் காட்டினான். கொம்பு மேல வெச்சு ஜூம் பண்ணிக்கிட்டே போறான். எவ்வளவு பெருசாக்கினாலும் சுழி கத்தி மாதிரி நிக்குது. "பாருங்கண்ணா. நம்ம பக்கம் ஷார்ப்பாதான் இருக்கு. பிரிண்ட்ல ஏதோ."

அவன் சொன்னது பொய் இல்ல. ஆனா அதுதான் பிரச்சினையே. இந்தப் பதிவு முழுக்க நான் சொல்ல வர்றதும் இந்த ஒரு இடத்தைப் பத்தித்தான்.

வெக்டார் படத்துக்கு அளவே கிடையாது மக்களே. அது படம் இல்ல, படம் போடறதுக்கான குறிப்பு. எங்கம்மா பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு போன்ல கோலம் சொல்லிக் குடுப்பாங்க. "15 புள்ளி, 15 வரிசை, நேர்ப்புள்ளி, மூலையிலேர்ந்து ஆரம்பி." அந்தக் குறிப்புல கோலம் எவ்வளவு பெருசுன்னு இல்ல. வாசல் எவ்வளவு பெருசோ அவ்வளவு பெருசு. அதே கோலத்தை ஒரு முழ வாசல்லயும் போடலாம், பத்தடி வாசல்லயும் போடலாம். ஆனா மாவை எடுத்துக் கை வெச்ச அப்புறம் அது ஒரு குறிப்பிட்ட வாசலோட கோலம். விரல் நடுவுல விழற மாவுக் கோடு என்ன தடிமனோ அதுக்குக் குறைஞ்சு ஒரு சிக்கு போட முடியாது. ஒரு சாண் இடத்துல 15 புள்ளிக் கோலம் போட்டுப் பாருங்க, கோலம் வராது, வெள்ளைத் திட்டு வரும்.

எக்ஸ்போர்ட்ங்கறது அந்த மாவை எடுக்கற நேரம். பிக்சல்ங்கறது அந்த விரல் தடிமன். கோரல்டிராவோ, இல்லஸ்ட்ரேட்டரோ, இங்க்ஸ்கேப்போ, எதுல வரைஞ்சாலும் அந்த நேரத்துல ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாகணும்: இது எங்க, எத்தனை பிக்சல்ல போய் உக்காரப் போகுது? நம்ம கடைகள்ல இந்தக் கேள்வியை யாரும் கேக்கறதில்ல. கேக்கறது வேற ஒண்ணு. "300 டிபிஐ-ல இருக்கா?"

இந்த 300 ஒரு பெரிய மூடநம்பிக்கை. திட்டாதீங்க, சொல்றேன். பிட்மேப் ஃபைலுக்குள்ள டிபிஐங்கறது ஒரு சீட்டு, அவ்வளவுதான். 500 பிக்சல் அகலப் படத்துல 72ன்னு சீட்டு ஒட்டினாலும் 500 பிக்சல்தான், 300ன்னு ஒட்டினாலும் 500 பிக்சல்தான். அளவை அங்குலத்துல சொன்னாத்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். 4 அங்குல விசிட்டிங் கார்டு சமாச்சாரம்னா 4 பெருக்கல் 300, 1200 பிக்சல் வேணும், சரி. அதையே 10 அடிக்கு 4 அடி ஃபிளெக்ஸுக்குக் கேட்டா? 36000 பிக்சல் பெருக்கல் 14400 பிக்சல். கிட்டத்தட்ட 52 கோடி பிக்சல். எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்புல நின்னு பாக்கற போர்டுக்கு எதுக்குங்க அது? 72 போட்டாலே 3 கோடி கிட்ட வருது, அதுவே தாராளம். கையில புடிச்சுப் பாக்கறதுக்கு வேற கணக்கு, அண்ணாந்து பாக்கறதுக்கு வேற கணக்கு.

இந்த எண் எவ்வளவு தற்செயலானதுங்கறதுக்கு இங்க்ஸ்கேப்பே சாட்சி. 2003-ல சோடிபோடிங்கற மென்பொருள்லேர்ந்து பிரிஞ்சு வந்த இலவச வெக்டார் மென்பொருள் அது. ரொம்ப வருஷமா அதுல ஒரு அங்குலத்துக்கு 90 பிக்சல்னு வெச்சிருந்தாங்க. 2017 ஜனவரியில வந்த 0.92 பதிப்புல, வலைப்பக்கங்களோட சிஎஸ்எஸ் விதிக்கு ஏத்த மாதிரி 96 ஆக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி 90-ஐ நம்பிக் கட்டம் கட்டமா வரைஞ்ச ஆட்களோட படமெல்லாம் புதுசுல திறந்ததும் அரைகுறை பிக்சல்ல போய் நின்னுது. அதனால புதுப் பதிப்பு பழைய ஃபைலைத் திறந்தா 'அளவை மாத்தட்டுமா'ன்னு கேக்க வேண்டி வந்தது. அங்குலத்தையும் டிபிஐ-யையும் விட்டுட்டு எக்ஸ்போர்ட் பெட்டியில இருக்கற அகலம், உயரம் கட்டத்துல நேரா பிக்சல் எண்ணைப் போட்டுப் பழகினவனுக்கு இதனால ஒரு கஷ்டமும் இல்ல.

அரைகுறை பிக்சல்னா என்னன்னு சொல்லணும். மங்கலுக்கு அதுதான் முதல் காரணம். ஒரு பிக்சல் தடிமன்ல ஒரு கறுப்புக் கோடு போடறீங்க. கோட்டை சரியா 10-ங்கற எண்ணுல வெக்கறீங்க. முழு எண்தானே, கச்சிதமா வரும்னு நெனப்போம். வராது. கோட்டோட தடிமன் நடுவிலேர்ந்து ரெண்டு பக்கமும் பிரியும். அரை பிக்சல் இந்தப் பக்கம், அரை பிக்சல் அந்தப் பக்கம். திரைக்கு அரை பிக்சல் எரிக்கத் தெரியாது. அதனால ரெண்டு பிக்சலையும் பாதிச் சாம்பலா எரிக்கும். நீங்க கேட்டது ஒரு கறுப்புக் கோடு, கெடைச்சது ரெண்டு பிக்சல் அகலத்துல ஒரு சாம்பல் பட்டை. அதே கோட்டை 10.5-ல வெச்சா கறுப்பு கறுப்பா வரும். வேணும்னே பாதியில வெச்சாத்தான் முழுசா வருங்கறது கொஞ்சம் லூசுத்தனமாத்தான் தெரியும், என்ன பண்றது.

நம்ம ரூபாய் குறியீட்டைப் பாருங்க. 2010 ஜூலை 15-ல மத்திய அரசு ஏத்துக்கிட்ட, நம்ம தமிழ்நாட்டுக்காரர் உதயகுமார் வடிவமைச்ச குறியீடு. மேல ரெண்டு படுக்கைக் கோடு, நடுவுல ஒரு சந்து. அந்த சந்துதான் அதுக்கு அழகே. விலைப்பட்டியல்ல சின்ன அளவுல எக்ஸ்போர்ட் பண்ணும்போது ரெண்டு கோடும் அரை பிக்சல்ல விழுந்தா சந்து அடைஞ்சு ஒரே தடிக்கோடு ஆயிடும். அக்கா போர்டுல அப்படித்தான் ஆயிருந்தது.

தமிழுக்கு இந்த விஷயத்துல இங்கிலீஷை விட சோதனை ஜாஸ்தி. ண எழுதணும்னா சுழி மேல சுழி. க்-க்கும் க-வுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. அந்தக் காலத்துல ஓலைச்சுவடியில புள்ளி வெச்சா ஓலை கிழியும்னு விட்டுட்டுப் போனாங்கம்பாங்க. அப்படி விட்டதால எகரமா ஏகாரமான்னு குழப்பம். அதைத் தீர்க்கத்தான் 18-ம் நூற்றாண்டுல வீரமாமுனிவர் ஏகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் கொம்பு மேல இன்னொரு சுழி போட்டாருன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம். இத்தாலியிலேர்ந்து கப்பல் ஏறி வந்த மனுஷன் உக்காந்து பிரிச்சுக் குடுத்த எ-யையும் ஏ-யையும், ஒரு ஜேபெக் ஃபைல் காட்டுப்பாக்கத்துல மறுபடியும் ஒண்ணாக்கி வெச்சிருச்சு. தோசை தொசை, கோட்டை கொட்டை, பேட்டி பெட்டி. அவ்வ்வ்வ்.

என் கணக்குக்கு, இங்கிலீஷ் எழுத்து 12 பிக்சல்ல ஓடினா தமிழுக்கு 16 வேணும். நம்ம ஆளுங்க டிசைன் பண்ணும்போது ரெண்டுக்கும் ஒரே அளவு வெச்சுட்டு, இடம் பத்தலன்னா முதல்ல தமிழைத்தான் சுருக்கறாங்க.

சரி, அக்கா போர்டுக்கு என்னதான் ஆச்சு? பையன்கிட்ட பொறுமையா கேட்டு, அக்கா போன்ல வாட்ஸப்பை நோண்டிப் பாத்ததுல கதை வெளிய வந்தது.

அக்கா தன் பேமென்ட் ஆப்ல இருந்த க்யூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்புல அனுப்பியிருக்காங்க. வாட்ஸப்பு அதை அமுக்கி ஜேபெக்கா குடுத்தது. பையன் அதை கோரல்ல போட்டுப் பாத்தான், மங்கலா இருந்தது. "வெக்டார் ஆக்கினா ஷார்ப்பாயிடும்"னு பவர் டிரேஸ் குடுத்தான். இதுதான் கொடுமை. டிரேஸ் பண்ணற மென்பொருளுக்கு அது க்யூஆர் கோடுன்னு தெரியுமா? மங்கலா இருந்த சதுர முனையெல்லாம் வளைவுன்னு எடுத்துக்கிட்டு, கட்டமெல்லாம் கூழாங்கல் மாதிரி உருட்டிக் குடுத்திருக்கு. உருண்டையா, ஆனா ரொம்ப ஷார்ப்பா :-) சுத்தி இருந்த வெள்ளை ஓரத்தை, இடம் வேஸ்ட்டாகுதுன்னு வெட்டிட்டு மஞ்சளை நேரா ஒட்ட வெச்சுட்டான். அந்த ஓரம் வேஸ்ட் இல்ல. க்யூஆர் கோடு 1994-ல ஜப்பான் டென்சோ வேவ்ல உருவானது. சுத்தி 4 கட்ட அகலத்துக்கு வெறும் வெள்ளை விடணும்ங்கறது அதோட விதியிலேயே இருக்கு. கோடு எங்க ஆரம்பிக்குதுன்னு போன் சரியா கண்டுபிடிக்க அந்த ஓரமும் வேணும்.

அப்புறம், அக்கா பாத்து ஓகே சொல்லறதுக்காக மொத்த போர்டையும் 800 பிக்சல் அகல ஜேபெக்கா எக்ஸ்போர்ட் பண்ணி வாட்ஸப்புல அனுப்பினான். போன்ல பாக்கறதுக்கு 800 போதும், தப்பே இல்ல. அக்கா "நல்லா இருக்கு தம்பி"ன்னு சொன்னாங்க. பிரிண்ட் எடுக்கற இடம் வேற. அங்க இருந்த ஆளு சிடிஆர் ஃபைல் வர்றதுக்குள்ள அவசரப்பட்டு, வாட்ஸப்புல வந்த அந்த ஜேபெக்கையே எடுத்து 6 அடிக்கு நீட்டி அடிச்சுட்டான்.

800 பிக்சல் 6 அடியில. ஒவ்வொரு பிக்சலும் 2 மில்லிமீட்டருக்கு மேல. ஒரு அடி க்யூஆர் கோடுக்குக் கெடைச்சது சுமார் 133 பிக்சல். அந்தக் கோடுல ஒரு வரிசைக்கு 37 கட்டம். ஆக, ஒரு கட்டத்துக்கு மூணரைச் சொச்சம் பிக்சல். மூணு இல்ல, நாலும் இல்ல, மூணரைச் சொச்சம். எல்லாக் கட்டத்தோட ஓரமும் சாம்பல். அதுக்கு மேல ஜேபெக். ஜேபெக் படத்தை 8-க்கு 8 பிக்சல் துண்டா வெட்டி அமுக்கும். அதோட பெரும்பாலும் நிறத்தைப் பாதி அடர்த்தியிலதான் சேமிக்கும், வெளிச்சத்தை மட்டும் முழுசா வெச்சுக்கும். போட்டோவுக்கு இது பரவால்ல, கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள்ல செவப்பு எழுத்துக்கு? எழுத்தோரமெல்லாம் கசிஞ்ச மருதாணி. நம்ம ஊர்ல கல்யாணப் பத்திரிகையிலேர்ந்து கட்சி போஸ்டர் வரைக்கும் எல்லாம் மஞ்சளும் செவப்பும்தான், நாம அனுப்பறதெல்லாம் ஜேபெக்தான்.

இப்ப என் கருத்து. தப்பு பிரிண்ட் எடுத்த ஆள் மேல மட்டும் இல்ல. பாக்கறதுக்குன்னு எடுத்த நகலும், அடிக்கறதுக்கான மூலமும் வேறங்கற எண்ணமே இந்தச் சங்கிலியில யாருக்கும் இல்ல. அதுக்குக் காரணம், மூலத்தை யார் கண்ணுலயும் காட்டக் கூடாதுங்கற நம்ம கடைப் பழக்கம். வாடிக்கையாளர் கேட்டா "சிடிஆர் தர்றதில்லைங்க"ன்னு பதில் வரும். ஜேபெக்தான் கைக்கு வரும். அடுத்த வருஷம் அவர் அந்த ஜேபெக்கைத் தூக்கிக்கிட்டு இன்னொரு கடைக்குப் போவார். அவங்க அதை டிரேஸ் பண்ணுவாங்க. மறுபடி கூழாங்கல்.

எங்கப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல டிராஃப்ட்ஸ்மேனா இருந்தவர். அவங்க காலத்துல ட்ரேசிங் ஷீட் அலமாரியில பூட்டி இருக்கும். பட்டறைக்குப் போறது அம்மோனியா பிரிண்ட். பிரிண்ட் கிழிஞ்சாலோ எண்ணெய் ஆனாலோ, அலமாரியைத் திறந்து ட்ரேசிங்லேர்ந்து இன்னொண்ணு எடுப்பாங்க. பிரிண்ட்டுக்கு மேல தாளை வெச்சு எவனாவது மறுபடி வரைஞ்சான்னா அன்னிக்கே அவனுக்கு வேலை போயிருக்கும்னார். நான் இந்தக் கதையைச் சொன்னப்ப அவர் கேட்ட ஒரே கேள்வி: "என்ன ஸ்கேல்ல போட்டான்?" ஸ்கேலே போடலப்பான்னேன். ஒண்ணும் சொல்லல, டிவி பக்கம் திரும்பிட்டார்.

பையன்கிட்ட இதைப் பத்திக் கேட்டேன், ஏன் மூலத்தைத் தர்றதில்லன்னு. அவன் சொன்னதும் நியாயம்தான். "டிசைனுக்குன்னு தனியா காசு யாரு தர்றாங்கண்ணா? பிரிண்ட்டு சதுர அடிக்கு இவ்வளவுன்னு பேசுவாங்க, டிசைன் சும்மா. ஃபைலைக் குடுத்தா சதுர அடிக்கு ரெண்டு ரூபா கம்மியா வர்ற கடைக்குப் போயிடுவாங்க. மூணு மணி நேரம் நான் உக்காந்தது போச்சு." அவனைப் புடிச்சு வெச்சிருக்கறது அந்த ஃபைல் மட்டும்தான். அதைக் கையில வெச்சிருந்தாத்தான் வாடிக்கையாளர் திரும்பி வருவார்.

இருந்தாலும் நான் ஒத்துக்க மாட்டேன். டிசைனுக்குன்னு தனியா ஒரு தொகை போடுங்க, 300 ரூபாயோ 500 ரூபாயோ. பில்லுல எழுதுங்க. அதுக்குப் பதிலா எழுத்தையெல்லாம் கர்வ் ஆக்கின ஒரு பிடிஎஃப் குடுங்க. கர்வ் ஆக்கறது எதுக்குன்னா, நம்ம கடைகள்ல இன்னும் பழைய தமிழ் எழுத்துருதான் ஓடுது. அது இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா தோசை மாவு இங்கிலீஷ் எழுத்துல கன்னாபின்னான்னு நிக்கும். கோரல்ல கண்ட்ரோல் க்யூ தட்டினா எழுத்து வடிவமாயிடும், எங்க வேணா திறக்கலாம். ஆனா அதுக்கப்புறம் அது எழுத்து இல்ல, திருத்த முடியாது, தேட முடியாது. சின்ன அளவுலயும் தெளிவாத் தெரியறதுக்காக எழுத்துருவுக்குள்ள எழுதி வெச்ச குறிப்புகளும் போயிடும். அதனால பிரிண்ட்டுக்கு கர்வ் ஆன நகல், திருத்தறதுக்கு ஆகாத மூலம், போன்ல பாக்க ஒரு பிஎன்ஜி. மூணும் மூணு வேலைக்கு.

ஸ்டிக்கர் கட்டிங் பண்ணற பழைய ஆளுங்ககிட்ட இந்த ஒழுங்கு இருக்கு, கவனிச்சிருக்கேன். பைக்ல பேர் வெட்டி ஒட்டறாங்களே, அவங்க. அந்த மெஷின் கத்தியால கோட்டு மேலயே போகும். அதுக்கு ஜேபெக் குடுத்தா எங்க வெட்டறதுன்னே தெரியாது. அதனால அவங்க முதல்ல கேக்கறதே "கோடு ஃபைல் இருக்கா"ன்னுதான். ஃபிளெக்ஸ் மெஷின் வந்து நம்மளைக் கெடுத்துருச்சு, எதைக் குடுத்தாலும் மறுக்காம அடிக்குது.

ஞாயித்துக்கிழமை உக்காந்தேன். அக்கா போன்லயே இருந்த அசல் க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி உள்ள இருந்த முகவரியை எடுத்தேன். அதை க்யூஆர்என்கோட்ங்கற சின்ன நிரலுக்குக் குடுத்தா எஸ்விஜி-யாவே துப்பிடும். டிரேஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். 37 கட்டம், ரெண்டு பக்கமும் நாலு நாலு வெள்ளை, ஆக 45. கட்டத்துக்கு 20 பிக்சல்னு வெச்சு, 900-க்கு 900 பிஎன்ஜி. 1000 போட்டிருக்கலாமே, ரவுண்டான எண்ணாச்சேன்னு தோணும். 1000-ஐ 45-ஆல வகுத்துப் பாருங்க, 22.22. மறுபடி சாம்பல் ஓரம். இந்த இடத்துல 900-ங்கறது 1000-ஐ விட ஷார்ப்பு. பிரிண்ட்டுக்கு பிஎன்ஜி-யே குடுக்கல, பிடிஎஃப்தான். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெருசா ஒரு சன்போர்டு, வெள்ளையில கறுப்பு, பளபளப்பு லேமினேஷன் இல்லாம. அந்தப் பளபளப்புல ட்யூப்லைட் விழுந்தா அதுக்கும் எடுக்காது.

நம்ம பதிவர் மக்களுக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு. பாதிப் பேரோட தலைப்புப் படம் எங்க கடை போர்டு மாதிரித்தான் இருக்கு, கோவிச்சுக்காதீங்க. இப்ப வர்ற போன் திரையெல்லாம் நாம சொல்ற ஒரு பிக்சலுக்கு ரெண்டு மூணு பிக்சல் வெச்சிருக்கு. 800 அகல இடத்துக்கு 800 பிக்சல் படம் போட்டா போன் அதை நீட்டித்தான் காட்டும். 1600 போடுங்க, சரியா ரெண்டு மடங்கு. 1500 வேண்டாம். எழுத்து இருக்கற படம்னா ஜேபெக்கைத் தொடாதீங்க, பிஎன்ஜி. இல்ல, எஸ்விஜி-யையே நேரா போடுங்க, எந்தத் திரையோ அந்தத் திரைக்கு அதுவே கோலம் போட்டுக்கும். வாட்ஸப்புல அனுப்பணும்னா படமா அனுப்பாதீங்க, டாக்குமென்ட்டா அனுப்புங்க, அமுக்காது. எல்லாத்தையும் விட முக்கியம், வரைஞ்ச ஃபைலை அழிச்சுட்டு எக்ஸ்போர்ட் பண்ணதை மட்டும் வெச்சுக்காதீங்க. நான் காலேஜ்ல சிம்போசியத்துக்குப் போட்ட லோகோவோட ஒரே நகல் இப்ப 200 பிக்சல் ஜேபெக்கா ஒரு பழைய மெயில்ல கெடக்கு. பாக்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

புது சன்போர்டு வெச்ச அன்னிக்கு சாயங்காலம் ஆறரைக்கு நானும் கடையில நின்னேன். முதல் ஆள் போனைத் தூக்கினார். பாதி தூரத்துலயே எடுத்துக்கிச்சு. அக்கா போன்ல மெசேஜ் சத்தம். அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்ல, அடுத்த ஆளுக்கு மாவு அள்ளிட்டு இருந்தாங்க. எட்டு மணிக்கு மேல கூட்டம் அடங்கினதும் ஒரு கிலோ அடை மாவைக் கட்டிக் குடுத்தாங்க. காசு வாங்கிக்கல.

"பெரிய போர்டையும் மாத்திடலாம்க்கா. அந்தக் கடையிலயே பேசறேன், அவங்க தப்புதான், பாதி காசுலயாவது அடிச்சுத் தரணும்"னேன்.

"அதான் போன்ல எடுக்குதே தம்பி. போர்டு இருக்கட்டும். தெருவுல புள்ளைங்கல்லாம் தொசைக்கடை தொசைக்கடைன்னு கூப்பிடுது. நேத்து மெட்ரோ வேலைக்கு வந்த பசங்க கூட தொசைக்கடை எதுன்னு கேட்டுக்கிட்டு வந்தாங்க."

நான் என்னத்தச் சொல்ல.

ரெண்டு நாள் கழிச்சு டிசைன் பையன்கிட்டேர்ந்து மெசேஜ். "அண்ணா, அந்த க்யூஆர் சன்போர்டு சூப்பர். பக்கத்து பேக்கரிக்காரர் அதே மாதிரி கேக்கறார். மூல ஃபைல் கெடைக்குமாண்ணா?"

அனுப்பிட்டேன். டாக்குமென்ட்டா.

டிஸ்கி: இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் அரியரை மூணாவது அட்டெம்ப்ட்ல எடுத்துட்டேன். சந்தேகப்படறவங்களுக்காக.